திரையில் வரும் பொய்க் காவலன்

நமது பாட்டனார் காலத்தில் ஊருக்குள் வரும் ஏமாற்றுக்காரனுக்கு ஒரு முகம் இருந்தது. நகைக்கு மெருகு போட்டுத் தருவதாகச் சொல்லித் திண்ணையில் வந்து அமர்வான். ஏதோ ஒரு திரவம் நிறைந்த கிண்ணத்தில் வளையலை முக்கி எடுத்துப் பளபளவென்று கையில் கொடுப்பான். அவன் தெருமுனையைத் தாண்டிய பின்னரே வளையலின் எடை குறைந்த செய்தி தெரியவரும். ஆயினும், அவனைப் பற்றி ஊரார் ஒருவருக்கொருவர் சொல்லி எச்சரித்துக்கொண்டனர். சிறு பிள்ளைகளுக்குக்கூட அவன் வேடம் தெரிந்திருந்தது. ஆகவே அவன் பிழைப்பு நாளடைவில் குன்றியது.

இன்றைய ஏமாற்றுக்காரனுக்கு முகம் இல்லை. அவன் வாயிற்படி ஏறுவதில்லை. நமது கூடத்தில் மேசைமேல் இருக்கும் கணினியின் திரையில் சிவப்பு எழுத்துக்களாகத் தோன்றுகிறான். "உங்கள் கணினியை வைரஸ் தாக்கிவிட்டது, வங்கிக் கணக்கின் விவரங்கள் களவு போய்க்கொண்டிருக்கின்றன, கணினியை அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள்" என்று கூவுகிறான். கூடவே அபாயச் சங்கும் அலறுகிறது. திருடன் திருடனாகவே வந்தால் கதவை அடைத்துவிடலாம். அவனே காவல்காரன் உடுப்பில் வந்து, "வீட்டுக்குள் திருடன் நுழைந்திருக்கிறான், பெட்டிச் சாவியைக் கொடுங்கள்" என்று பதறினால், நல்லவர்களும் ஒரு கணம் மயங்கத்தானே செய்வார்கள்!

இவ்விஷயத்தை நமது தமிழ்க் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் என்று நாம் எண்ணியதற்குக் காரணம் உண்டு. சொந்த ஊரிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வாழும் நமக்குக் கணினி என்பது வெறும் விளையாட்டுப் பொருள் அன்று. ஊரிலுள்ள தாயாரின் முகத்தைக் காண்பதும், ரயிலுக்கு முன்பதிவு செய்வதும், ஓய்வூதியம் வந்ததா என்று பார்ப்பதும், தமிழ்ப் பத்திரிகை படிப்பதும் அதன் வழியாகவே. ஆகவே அது அலறும்போது நம் நெஞ்சும் சேர்ந்து அலறுகிறது. அந்த அலறலைத்தான் வஞ்சகர்கள் காசாக்குகிறார்கள்.

நாம் கணினிக் கலையை முறையாகப் பயின்றவர் அல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, பிழைப்பை நாடித் தலைநகர் வந்தவர்களில் ஒருவரே. எனினும் அலுவலகத்தில் நாள்தோறும் கணினியோடு பழகுவதாலும், "ரயில்வேத் தம்பியைக் கூப்பிடுங்கள்" என்று குடியிருப்பில் உள்ளோர் அழைப்பதாலும், சில ஆண்டுகளில் பத்துப் பன்னிரண்டு வீட்டுக் கணினிகளைத் துப்புரவு செய்யும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அந்த அனுபவத்தில் கண்டவற்றையே இங்குக் கூறுகிறோம்.

சென்ற குளிர்காலத்தில், மூடுபனி ஜன்னலை மறைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மயூர் விஹாரில் நமது குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தனியே வசிக்கும் மூதாட்டியார் ஒருவர் நம் வீட்டுக் கதவைத் தட்டினார். தலைநகரில் முப்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நாம் அனைவரும் அவரை 'டீச்சரம்மா' என்றே அழைப்பது வழக்கம். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் அமெரிக்காவில் இருக்கிறார். அவர் கையில் வங்கி அட்டை இருந்தது. "தம்பி, இதன் பின்புறம் மூன்று எண் இருக்கிறதாம். தேய்ந்துபோயிருக்கிறது, என் கண்ணுக்குப் புலப்படவில்லை. படித்துச் சொல்கிறாயா? கீழே தொலைபேசியில் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார்" என்றார்.

நாம் எண்ணைப் படிக்கவில்லை. "யார் காத்திருக்கிறார், டீச்சரம்மா?" என்று கேட்டுக்கொண்டே அவருடன் படியிறங்கினோம். கணினித் திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று நின்றது. அதன்மேல் சுட்டியின் அம்பு தானாகவே நகர்ந்துகொண்டிருந்தது. நாம் முதலில் செய்தது, இணைய இணைப்புப் பெட்டியின் மின்செருகியைப் பிடுங்கியதுதான். அம்பு நின்றது. பிறகு தொலைபேசியை எடுத்தோம். மறுமுனையில் ஓர் இளைஞனின் குரல், தான் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பொறியாளன் என்றும், மூன்றாண்டுப் பாதுகாப்புக்கு 14,999 ரூபாய் கட்டவேண்டும் என்றும் ஆங்கிலத்தில் கூறியது. "இனி எங்களோடு பேசுங்கள்" என்று நாம் இந்தியில் சொன்னதும் இணைப்பு அறுந்தது. தேய்ந்துபோன மூன்று எண்கள் அன்று அந்த அம்மையாரின் ஓய்வூதியத்தைக் காத்தன.

இனி, அந்தத் திரையில் உண்மையில் நிகழ்ந்தது என்ன என்பதைப் பார்ப்போம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். முதலில் அறியவேண்டியது, அந்த எச்சரிக்கை கணினி விடுத்தது அன்று என்பதே. அது ஓர் இணையப் பக்கம். படம் வரைந்த காகிதம் போன்றது. காகிதத்தில் 'தீ' என்று எழுதியிருந்தால் வீடு பற்றி எரிவதாகப் பொருள் இல்லை. இணையப் பக்கம் ஒன்று நமது கணினியின் உள்ளே புகுந்து கோப்புக்களைச் சோதித்து, இத்தனை வைரஸ் என்று எண்ணிச் சொல்ல இயலாது. திரையில் ஓடும் சதவிகிதக் கணக்கும், சிவப்பில் மின்னும் கோப்புப் பெயர்களும் முன்கூட்டியே வரைந்து வைத்த நாடகம். மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது: அதன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இராது. இந்த ஒரு குறிப்பை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்கிறதா? அது பொய்.

அந்தப் பக்கம் அங்கு வந்தது எப்படி? டீச்சரம்மாவுக்குப் பழைய தமிழ்ப் படங்கள் என்றால் உயிர். ஏதோ ஒரு தளத்தில் இலவசமாகப் படம் பார்க்க முயன்றிருக்கிறார். "நீங்கள் மனிதர்தான் என்பதை நிரூபிக்க 'அலோ' என்பதை அழுத்துங்கள்" என்று அது கேட்டது, அழுத்தினார். அந்தப் பொத்தானுக்கும் மனிதரா இயந்திரமா என்ற சோதனைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 'என் திரையின் மூலையில் எந்நேரமும் அறிவிப்பு ஒட்டிக்கொள்ளலாம்' என்று அத்தளத்துக்கு அளித்த அனுமதிச் சீட்டு அது. அன்று முதல் வலது கீழ் மூலையில் 'வைரஸ், வைரஸ்' என்று அறிவிப்புக்கள் வரலாயின. அவற்றில் ஒன்றை அவர் அழுத்தியதும் திரை முழுவதும் சிவந்தது. நாம் துப்புரவு செய்த கணினிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே வழியில்தான் தொல்லை நுழைந்திருந்தது. தமிழ்ப் படமும், தொலைக்காட்சித் தொடரும், பாட்டும் இலவசமாக வேண்டும் என்ற ஆவலே அவ்வீடுகளில் கதவைத் திறந்திருக்கிறது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி வேண்டாமா?

அடுத்து, தொலைபேசிக் குரல் ஆடிய நாடகம். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றை அவரைக் கொண்டே நிறுவச் செய்து, 'ஈவெண்ட் வியூவர்' என்ற பகுதியைத் திறந்து காட்டியிருக்கிறான். அதில் மஞ்சளும் சிவப்புமாக நூற்றுக்கணக்கான குறிகள் தெரியும். "பாருங்கள், இத்தனையும் வைரஸ்" என்றானாம். ரயில் நிலையத்தில் நிலைய அதிகாரி ஒரு நாட்குறிப்பு வைத்திருப்பார். வண்டி தாமதமாக வந்தது, விளக்கு ஒன்று எரியவில்லை என்று சிறியதும் பெரியதுமாக எல்லாம் அதில் பதிவாகும். அதைப் புரட்டிவிட்டு, 'ஐயோ, இந்த நிலையம் இடிந்து விழப்போகிறது' என்று எவரேனும் அலறினால் நகைக்கமாட்டோமா? ஈவெண்ட் வியூவரும் அத்தகைய நாட்குறிப்பே. புத்தம் புதிய கணினியிலும் அக்குறிகள் இருக்கும்.

இந்த வஞ்சகம் நேற்று முளைத்ததன்று. போலியான வைரஸ் எச்சரிக்கை காட்டி, ஒன்றுக்கும் உதவாத மென்பொருளை விற்ற கூட்டத்தின்மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2008 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. வின்ஃபிக்ஸர், டிரைவ்கிளீனர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் என்பன அவர்கள் விற்ற சரக்குக்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றை வாங்கி ஏமாந்தனர் என்று ஆணையம் கூறியது. 2012இல் அவ்வழக்கில் 16 கோடி டாலருக்கு மேல் செலுத்துமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. மென்பொருளை விற்பதைவிட மனிதக் குரலால் பயமுறுத்துவது எளிது என்று கண்ட பிறகு, தொலைபேசி எண் காட்டும் இன்றைய முறை பெருகியது.

நிற்க. அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்பதை நினைக்கும்போதுதான் தலைநகர்வாசிகளாகிய நமக்கு வெட்கம் உண்டாகிறது. அது கடல் கடந்து வரவேண்டியதில்லை. அண்டை வீதியிலிருந்தே வரலாம். மைக்ரோசாஃப்ட் அளித்த புகார்களின் பேரில் 2018 அக்டோபரில் தில்லிப் போலீசார் 10 போலி அழைப்பு மையங்களைச் சோதனையிட்டு 24 பேரைக் கைது செய்தனர். அடுத்த மாதமே குருகிராமத்திலும் நொய்டாவிலும் 16 மையங்கள் பிடிபட்டன. 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை 'ஆபரேஷன் சக்ரா' என்ற நடவடிக்கையின் இரண்டாம் கட்டமாக நாடெங்கும் 76 இடங்களில் சோதனை நடத்தியது. நாம் நாள்தோறும் ஏறும் நீலப் பாதை மெட்ரோ வண்டியில், நமக்குப் பக்கத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க நின்றுகொண்டு வருபவன், யாரோ ஒரு முதியவரைப் பயமுறுத்தப் போகிறவனாகவும் இருக்கலாம்.

அவர்களிலும் எல்லோரும் கொடியவர்கள் அல்லர் என்பதை நாம் நேரில் கண்டோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பட்டப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடி வந்த இளைஞன் ஒருவன், நமக்குத் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்தான். 'கணினித் தொழில்நுட்ப உதவி' என்ற பெயரில் அவனுக்கு வேலை கிடைத்தது. கையில் நான்கைந்து தாள்களைக் கொடுத்தார்களாம். இன்னது சொன்னால் இன்னது பதில் சொல், முதலில் அச்சுறுத்து, பிறகு ஆறுதல் கூறு, அதன் பிறகு தொகையைச் சொல் என்று அவற்றில் வரிசையாக எழுதியிருந்ததாம். ஒன்பதாம் நாள் வேலையை விட்டுவிட்டான். "அண்ணாச்சி, மறுமுனையில் ஒரு கிழவி அழுதாள். எங்க ஆச்சி குரல் மாதிரியே இருந்துச்சு" என்று நம்மிடம் சொன்னபோது அவன் குரலும் தழுதழுத்தது. உழைத்த நாட்களுக்குக் கூலி வரவில்லை. ஊரில் தந்தையிடம் சொல்லவும் நா எழவில்லை. இன்று அவன் பொட்டலக் கிடங்கு ஒன்றில் குறைந்த சம்பளத்துக்கு இரவுப் பணி செய்கிறான். நிம்மதியாக உறங்குவதாகச் சொல்லுகிறான். ஊரிலிருந்து வேலை தேடி வரும் நமது பிள்ளைகள், சேருமிடம் எத்தகையது என்று ஆராய்ந்து சேரவேண்டும். கணினி வழியே வேறொருவராக நடித்து ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 'எழுதிக் கொடுத்ததைத்தான் படித்தேன்' என்ற சமாதானம் அங்கே எடுபடும் என்று நம்பிவிடக் கூடாது.

இனித் துப்புரவு செய்யும் முறைக்கு வருவோம். டீச்சரம்மாவின் கணினியில் நாம் செய்தவற்றை வரிசைப்படி கூறுகிறோம். விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள எந்த வீட்டிலும் இவற்றைச் செய்யலாம். காசு ஒன்றும் செலவில்லை, பொறுமைதான் செலவு.

முதலாவது, திரையை மூடுவது. சிவப்புப் பக்கம் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு அசைய மறுத்தால் கணினி கெட்டுவிட்டது என்று எண்ணவேண்டாம். விசைப்பலகையின் இடது மேல் மூலையிலுள்ள 'எஸ்கேப்' விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். பிறகு அப்பக்கத்தை மூடிவிடலாம். அதற்கும் இணங்காவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' என்ற பட்டியல் வரும். அதில் இணைய உலாவியின் பெயரைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' என்பதை அழுத்தினால் சங்கும் சத்தமும் அடங்கிவிடும். மறுபடி உலாவியைத் திறக்கும்போது, "முன்பிருந்த பக்கங்களை மீட்கட்டுமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று விடுங்கள். மீட்டால் அதே பேய் திரும்ப வரும்.

இரண்டாவது, கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுவது. குரோம் உலாவியில் வலது மேல் மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும். அதன் வழியே 'செட்டிங்ஸ்', அதற்குள் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று செல்லவேண்டும். அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே காணப்படும். அந்த அம்மையாரின் கணினியில் பதினொரு தளங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றின் பெயரும் அவருக்குத் தெரியவில்லை. பதினொன்றையும் நீக்கினோம். மூலையில் வந்துகொண்டிருந்த அறிவிப்புக்கள் அக்கணமே நின்றன. அதைக் கண்ட அவர், "இவ்வளவுதானா, தம்பி?" என்றார். பல வீடுகளில் வைத்தியம் இவ்வளவோடு முடிந்துவிடுகிறது. இதற்காகக் கணினி முழுவதையும் அழித்து மறுபடி நிறுவவேண்டும் என்று கடையில் சொன்னால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். குடும்பப் புகைப்படங்கள் அதில் போய்விடக்கூடும்.

மூன்றாவது, உலாவியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இணைப்புகளைப் பார்ப்பது. 'எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற பகுதியில், நாம் விரும்பிச் சேர்க்காதது எது இருந்தாலும் நீக்கிவிடலாம். தேடும் பக்கம் தானாக மாறியிருந்தால், பெரும்பாலும் அதன் காரணம் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

நான்காவது, கணினியில் நிறுவப்பட்டுள்ள மென்பொருள்களின் பட்டியலை, நிறுவிய நாளின் வரிசையில் பார்ப்பது. தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்தவை முதலில் கண்ணில் படும். டீச்சரம்மாவின் கணினியில் 'வேகத்தைக் கூட்டுகிறேன்' என்று சொல்லிக்கொண்ட மென்பொருள் ஒன்று இருந்தது. ஏதோ ஓர் இலவச மென்பொருளை இறக்கியபோது அதன் வால் பிடித்து உள்ளே வந்தது. தொலைபேசிக்காரன் நிறுவச் செய்த தொலை இயக்க மென்பொருள்கள் இரண்டு இருந்தன. மூன்றையும் அகற்றினோம்.

ஐந்தாவது, முழுச் சோதனை. விண்டோஸில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்ற பெயரில் வைரஸ் தடுப்பு உள்ளேயே இருக்கிறது. தனியே விலை கொடுக்க வேண்டியதில்லை. அதில் 'ஃபுல் ஸ்கேன்' என்பதைத் தேர்ந்தோம். பழைய கணினியாதலால் இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அதன் பின்னர் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்பதையும் செய்தோம். அப்போது கணினி தானே அணைந்து எழுந்து, விண்டோஸ் முழுமையாகக் கண் விழிக்குமுன்பே சோதிக்கும். கால் மணி நேரம் போல ஆகும். விண்டோஸ் நடக்கும்போது ஒளிந்துகொள்ளும் தீநிரல்கள் அதில் அகப்படும். கணினி எதையும் செய்யவிடாமல் முரண்டு பிடித்தால், 'சேஃப் மோட்' என்ற முறையில் தொடங்கலாம். இன்றியமையாதவை மட்டும் இயங்கும் நிலை அது. ஐயம் தீராதவர்கள், இந்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' வழங்கும் இலவசக் கருவிகளையும் பயன்படுத்தலாம்.

சோதனையின் முடிவு என்ன தெரியுமா? விளம்பரம் காட்டும் சில்லறைத் தீநிரல் ஒன்று அகப்பட்டது. அதுவும் அந்த 'வேகம் கூட்டும்' மென்பொருளின் எச்சம். திரை கூவிய வைரஸ்களில் ஒன்றுகூட அங்கு இல்லை. அங்கிருந்த குப்பையைப் பற்றியோ, திரை ஒரு வார்த்தையும் கூறவில்லை!

உண்மையான வைரஸ் தடுப்பு மென்பொருளே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. 1991இல் சென்னையில் தோன்றிய கே7 முதலாகப் பெயர் பெற்ற நிறுவனங்கள் நம் நாட்டிலேயே உண்டு. வேண்டுமானால் நிதானமாக ஆராய்ந்து, அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து வாங்கலாம். அலறும் திரையின் சொற்படி வாங்கக் கூடாது என்பதே நம் கருத்து. மேலும் ஒன்று: விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்து வந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. கணினி இடம் கொடுத்தால் விண்டோஸ் 11க்கு மாறிக்கொள்வதும், வரும் திருத்தங்களை அவ்வப்போது ஏற்றுக்கொள்வதும் நலம்.

அந்நியன் கணினியை இயக்கிவிட்டான், அல்லது பணமே போய்விட்டது என்றால் துப்புரவு மட்டும் போதாது. முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்றுங்கள். வங்கிக்குச் சொல்லி அட்டையை முடக்குங்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள். இணையக் குற்றங்களால் பணம் இழந்தோருக்காக அரசு வைத்துள்ள உதவி எண் அது. திருட்டுப் பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். கைமாறி முடிவதற்குள் சொன்னால் இடைவழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் அவ்வாய்ப்பு நழுவும். ஒன்றை மறக்க வேண்டாம்: 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று பின்னர் தாமாகவே கூப்பிடுகிறவர்களும் பெரும்பாலும் அதே கூட்டத்தார்தாம்.

இவ்வளவும் செய்து முடித்தபோது இரவாகிவிட்டது. புறப்பட எழுந்தோம். அப்போது டீச்சரம்மா மெல்ல, "தம்பி, இது என் மகனுக்குத் தெரியவேண்டாம்" என்றார். காரணம் கேட்டோம். "நீ இனி அங்கே தனியாக இருக்க முடியாது, வீட்டை விற்றுவிட்டு இங்கே வா என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறான். இது தெரிந்தால் பிடிவாதமே பிடிப்பான். நாற்பது வருஷம் வாழ்ந்த ஊர் இது. பக்கத்தில் கோயில் இருக்கிறது, உங்களைப் போன்ற பிள்ளைகள் இருக்கிறீர்கள். அங்கே போய் நான்கு சுவருக்குள் என்ன செய்வேன்?" என்றார்.

கணினியைத் துப்புரவு செய்வது எளிது; இந்த அச்சத்தை நீக்குவதே அரிது என்று அப்போது உணர்ந்தோம். வஞ்சகனுடைய உண்மையான பலம் இதுதான். ஏமாந்தவர் வாய் திறவார் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். படித்தவர் 'எனக்கா இப்படி?' என்று மறைப்பார். முதியவர் தம் சுதந்திரம் போய்விடுமே என்று மறைப்பார். ஒவ்வொரு வீட்டிலும் மறைப்பதால், அடுத்த வீடு எச்சரிக்கை பெறாமலே போகிறது.

"டீச்சரம்மா, வகுப்பில் ஒரு பிள்ளையை வெளியாள் எவனோ பயமுறுத்திவிட்டான் என்றால், அதை உங்களிடம் வந்து சொல்கிற பிள்ளையைக் கோபிப்பீர்களா?" என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தாமே மகனைக் கூப்பிட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மறுமுனையில் மகன் முதலில் பதறினார். பின்னர், தம்முடன் பணியாற்றும் ஒருவரின் தந்தையார் அங்கேயும் இவ்விதமே பெருந்தொகை இழந்ததாகக் கூறினார். வீட்டை விற்கும் பேச்சு அன்று எழவில்லை. "அம்மா, நீ எழுந்து போய் ஒருவரைக் கேட்டாயே, அதுவே போதும்" என்று அவர் சொன்னது நம் காதிலும் விழுந்தது.

மறுவாரம் டீச்சரம்மா ஒரு காரியம் செய்தார். தமது முத்து முத்தான கையெழுத்தில் நான்கு வரிகளை எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டிவைத்தார். 'திரை அலறினால் நம்பாதே. தொலைபேசி எண் இருந்தால் பொய். அட்டை எண் யாருக்கும் இல்லை. ஐயம் வந்தால் அடுத்த வீட்டைக் கேள்.' அதைப் படி எடுத்துக் குடியிருப்பில் உள்ள முதியோர் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார்; இந்திக்காரர் வீடுகளுக்கு இந்தியிலும் எழுதிக் கொடுத்தார். தாம் ஏமாற இருந்த கதையையும் சிரித்துக்கொண்டே சொன்னார். அதன் பிறகு மூன்று வீட்டார் தாமாக வந்து, தங்களுக்கும் முன்பு அவ்வாறு நேர்ந்ததாக ஒப்புக்கொண்டனர். ஒருவர் 20,000 ரூபாய் கொடுத்துவிட்டு ஓராண்டாக மனைவியிடமும் சொல்லாதிருந்தார்.

ரயிலில் தக்க காரணமின்றி அபாயச் சங்கிலியை இழுப்பவருக்கு, 1989ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டத்தின் 141ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறை விதிக்கிறது. ஒரு பொய்யான அபாயக் குரல் ஆயிரம் பேருடைய பயணத்தைக் குலைக்கும். உண்மையான அபாயத்தின்போது எவரும் நம்பாத நிலையையும் உண்டாக்கும். கணினித் திரையில் பொய்ச் சங்கு ஊதுபவன் செய்வதும் அத்தகைய குற்றமே. அவனைப் பிடித்துத் தண்டிப்பது சர்க்காரின் கடமை. அவன் ஊதும் சங்குக்கு அஞ்சாதிருப்பது நமது கடமை.

நமது சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தனியே வாழும் முதியோர் உங்கள் தெருவில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் அவர்கள் வீட்டுக்குச் செல்லுங்கள். கணினியில் அந்த அறிவிப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். வேண்டாதவற்றை நீக்கிக் கொடுங்கள். 1930 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: தொலைவிலுள்ள தாய் தந்தையர் தம் ஏமாற்றத்தைச் சொல்ல வந்தால், முதலில் கோபிக்காதீர்கள், சொன்னதற்கு மகிழுங்கள். கோபத்துக்கு அஞ்சி அவர்கள் மௌனமானால், அந்த மௌனத்துக்குள்தான் வஞ்சகன் மறுபடியும் வந்து அமர்வான்.